புதுப்பிப்பு: ஹட்டனில் நிற்கும் காருக்குக் காப்புறுதி

வேலைக்காகக் கட்டாருக்குப் போகிறேன், ஹட்டன் வீட்டில் நிற்கும் காரின் முழுக் காப்புறுதியைக் குறைக்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். குறைக்கவில்லை. மூன்றாந் தரப்புக் காப்புறுதி மட்டும் என்றால் காசு மிச்சம்தான். ஆனால் அது மற்றவருக்கு நேரும் சேதத்துக்கு மட்டுமே. எங்கள் கொட்டகைக்கு மேலே செங்குத்தான மண்மேடு, விளிம்பில் சாய்ந்த யூக்கலிப்டஸ். தென்மேற்குப் பருவமழை பிடித்தால் எது எப்போது இறங்குமோ! மண்சரிவும் மரம் விழுவதும் பத்திரத்தில் இருக்கிறதா என்று வரிவரியாகப் பார்த்தேன்.

அப்புறம், நான் வெளிநாட்டில் இருப்பதையும் தம்பி ஓட்டுவான் என்பதையும் காப்புறுதி நிறுவனத்துக்கு எழுத்தில் கொடுத்துவிட்டேன். இதை மட்டும் யாரும் விட்டுவிடாதீர்கள். காரை வீதியில் ஓட்டுவதற்கான வருடாந்த வருமான உத்தரவுப் பத்திரத்துக்கு நடப்புக் காப்புறுதிச் சான்றிதழும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் வேண்டும். அந்த அலைச்சல் தம்பிக்கு.