ஒரே கணக்கில் க்னோமும் பிளாஸ்மாவும்: திரை அமைப்புகள் ஒன்றையொன்று மாற்றிவிடுகின்றன

அல்லிக்கேணி டிடிபி:

வணக்கம். திருவல்லிக்கேணியில் உள்ள எங்கள் டிடிபி கடையில் டெபியன் 12 (லினக்ஸ் இயங்குதளம்) நிறுவிய கணினி ஒன்று இருக்கிறது. 27 அங்குல 4கே மானிட்டரும், அதன் இடப்பக்கத்தில் 17 அங்குலப் பழைய 1280×1024 மானிட்டரும் இணைக்கப்பட்டுள்ளன. காலையில் வேலை பார்க்கும் பெரியவருக்கு க்னோம் என்ற டெஸ்க்டாப்தான் பழக்கம். மாலையில் வரும் தம்பிக்கு கேடிஇ பிளாஸ்மா என்ற டெஸ்க்டாப் இல்லாமல் கை ஓடாது. பத்திரிகை, நோட்டீஸ் கோப்புகள் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்பதற்காக இருவரும் ஒரே பயனர் கணக்கிலேயே நுழைகிறார்கள்.

மாலையில் தம்பி பிளாஸ்மாவில் வேலை செய்துவிட்டுப் போனால், மறுநாள் காலையில் க்னோமின் எழுத்துருவும் மவுஸ் சுட்டியும் வேறு அளவில் வந்து நிற்கின்றன. சாளரத்தின் மூடும் பொத்தான்கூட இடம் மாறிவிடுகிறது. பிளாஸ்மாவிலோ, உள்நுழைந்து சில நொடிகள் வரை எல்லாம் சரியாக இருந்து, பிறகு திரை ஒருமுறை இருண்டு, பழைய மானிட்டர் வலப்பக்கத்தில் இருப்பதாக மாறிவிடுகிறது. பக்க வடிவமைப்புச் செயலியான ஸ்கிரைபஸை அங்கே திறந்தால் அதன் கருவிப்பட்டையே பாதித் திரையை அடைத்துக்கொள்கிறது. கணினியை அமைத்துக் கொடுத்தவர், இரண்டு டெஸ்க்டாப்புகளில் ஒன்றை நீக்கிவிடுங்கள் என்கிறார். இருவரில் ஒருவரை வற்புறுத்த எனக்கு மனமில்லை. வேறு வழி உண்டா?

பெரம்பூர் லினக்ஸ்:

எதையும் நீக்க வேண்டியதில்லை. நீங்கள் சொன்னவை ஒரே கோளாறு போலத் தெரிந்தாலும், மூன்றுக்கும் காரணம் வெவ்வேறு.

மானிட்டர்களின் இடமும் தெளிவுத்திறனும் பொதுவான கோப்பில் சேமிக்கப்படுவதில்லை என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். க்னோம், ஹோம் அடைவில் மறைந்திருக்கும் ".கான்ஃபிக்" அடைவுக்குள் "மானிட்டர்ஸ்.எக்ஸ்எம்எல்" என்ற கோப்பில் எழுதுகிறது; டெபியன் 12-இல் உள்ள பிளாஸ்மா 5.27, ".லோக்கல்" அடைவுக்குள் "ஷேர்" அடைவில் உள்ள "கேஸ்க்ரீன்" அடைவில் எழுதுகிறது. ஒன்று மற்றதைப் படிப்பதே இல்லை. ஆகவே உள்நுழைந்த பிறகு மானிட்டர் இடம் மாறுகிறது என்றால், மூன்றாவதாக ஏதோ ஒன்று அதைச் செய்கிறது. ".கான்ஃபிக்" அடைவுக்குள் "ஆட்டோஸ்டார்ட்" அடைவைத் திறந்து பாருங்கள், ஏரேண்டர் (மானிட்டர்களின் இடத்தை அமைக்கும் கருவி) உருவாக்கிய எக்ஸ்ரேண்டர் கட்டளைக் கோப்பை ஓட்டும் குறுக்குவழியை யாரேனும் அங்கே போட்டிருக்கக்கூடும். அந்த அடைவில் இருப்பவை பொதுவாக எந்த டெஸ்க்டாப்பில் நுழைந்தாலும் ஓடும். க்னோம், திரையைக் காட்டும் புதிய அமைப்பான வேலண்டில் ஓடுவதால் எக்ஸ்ரேண்டர் கட்டளை அங்கே பலிப்பதில்லை. பழைய அமைப்பான எக்ஸ்11-இல் ஓடும் பிளாஸ்மாவில் பலித்துவிடுகிறது. அதை அழித்துவிட்டு, மானிட்டர்களின் இடத்தை அந்தந்த டெஸ்க்டாப்பின் அமைப்புப் பக்கத்திலேயே ஒருமுறை சரிசெய்தால் போதும்.

எழுத்துருவும் சுட்டியும் மாறுவதற்குப் பிளாஸ்மாவின் நல்லெண்ணமே காரணம். ஜிடிகே செயலிகள் (க்னோம் பயன்படுத்தும் நிரல் தொகுப்பில் எழுதப்பட்டவை) தன் தோற்றத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்பதற்காக, தன் எழுத்துரு, சுட்டி, பொத்தான் வரிசை ஆகியவற்றை க்னோம் படிக்கும் அதே அமைப்புத் தொகுப்பிலும் அது எழுதிவைக்கிறது. பிளாஸ்மாவின் சிஸ்டம் செட்டிங்ஸில் பின்னணிச் சேவைகள் பட்டியலைத் திறந்து, க்னோம்-ஜிடிகே ஒத்திசைவுச் சேவையை நிறுத்திவிடுங்கள். அதன் பிறகு பெரியவர் க்னோமில் தமக்கு வேண்டிய அளவை ஒருமுறை வைத்துக்கொண்டால் அது நிலைத்து நிற்கும்.

ஸ்கிரைபஸுக்கு, உள்நுழையும்போது படிக்கப்படும் ".ப்ரொஃபைல்" கோப்பைப் பாருங்கள். க்னோமில் ஐகான்கள் சிறிதாகத் தெரிகின்றன என்று "க்யூடி ஸ்கேல் ஃபேக்டர்" என்ற, செயலியின் அளவைப் பெருக்கும் மாறிக்கு 2 என்று மதிப்புக் கொடுத்திருப்பார்கள். பிளாஸ்மாவில் ஏற்கெனவே 200 சதவீதம் வைத்திருந்தால் இரண்டும் பெருக்கப்பட்டு நான்கு மடங்காகிவிடும். அந்த வரியை நீக்கிவிட்டு, க்னோமில் ஸ்கிரைபஸைத் திறக்கும் குறுக்குவழியில் மட்டும் அதைச் சேருங்கள்.

ஆவடி அச்சுக்கோப்பு:

மேலே சொன்னவை அனைத்தும் சரி. ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். பிளாஸ்மாவில் எழுத்துருவின் ஹின்டிங்கை (எழுத்தின் கோடுகளைத் திரைப் புள்ளிகளுக்குப் பொருத்துவதை) மாற்றினால் அது ".கான்ஃபிக்" அடைவில் உள்ள "ஃபான்ட்கான்ஃபிக்" அடைவின் "ஃபான்ட்ஸ்.கான்ஃப்" கோப்பில் பதிவாகிறது. அந்தக் கோப்பு பிளாஸ்மாவுக்கு மட்டும் உரியதன்று. முழு ஹின்டிங் வைத்தால், 96 பிபிஐ (ஓர் அங்குலத்தில் உள்ள பிக்சல்கள்) கொண்ட உங்கள் பழைய மானிட்டரில் சிறிய அளவில் மெய்யெழுத்தின் புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். 163 பிபிஐ கொண்ட 4கே திரையில் அது தெரியவே தெரியாது. மெய்ப்புப் பார்க்கும் இடத்தில் இது சிறிய விஷயமல்ல. இலேசான ஹின்டிங்கே தமிழுக்கு நல்லது.

மற்றபடி, எக்ஸ்11-இல் பிளாஸ்மா எல்லா மானிட்டருக்கும் ஒரே ஸ்கேலிங்கைத்தான் தரும். வேலண்ட் அமர்வில் 4கே திரைக்கு 200, பழையதற்கு 100 என்று தனித்தனியாக வைக்கலாம். உள்நுழைவுத் திரையிலேயே வேலண்ட் அமர்வைத் தேர்ந்தெடுக்க முடியும்.

ஆனால் என் கருத்தில் நிரந்தரத் தீர்வு இரண்டு பயனர் கணக்குகள்தான். கோப்புகள் ஒரே இடத்தில் இருக்க ஒரே கணக்கு தேவையில்லை. இருவரையும் ஒரு குழுவில் சேர்த்து, பொதுவான அடைவு ஒன்றை அந்தக் குழுவின் பெயருக்கு மாற்றி, அதற்கு 2775 என்ற அனுமதி கொடுங்கள். முதலில் உள்ள 2, உள்ளே உருவாகும் ஒவ்வொரு கோப்பும் அதே குழுவுக்கு உரியதாக அமைவதை உறுதிசெய்கிறது. இருவரின் யுமாஸ்க் (புதிய கோப்புகளின் அனுமதியைக் கட்டுப்படுத்தும் எண்) மதிப்பையும் 002 என்று வைத்தால், ஒருவர் சேமித்ததை மற்றவர் திருத்த முடியும்.

அல்லிக்கேணி டிடிபி:

இருவருக்கும் மிக்க நன்றி. ஆட்டோஸ்டார்ட் அடைவில் ஏரேண்டர் கோப்பு இருந்தது. நீக்கியதும் மானிட்டர் இடம் மாறுவது நின்றுவிட்டது. ".ப்ரொஃபைல்" கோப்பிலும் நீங்கள் சொன்ன வரியே இருந்தது. தம்பிக்குப் புதிய கணக்குத் திறந்து, பொது அடைவையும் அமைத்துவிட்டேன். உள்நுழைவுத் திரையில் மட்டும் மானிட்டர்கள் இன்னும் இடம் மாறியே தெரிகின்றன.

பெரம்பூர் லினக்ஸ்:

உள்நுழைவுத் திரையைக் காட்டும் ஜிடிஎம் தனிப் பயனராக ஓடுகிறது. உங்கள் ஹோம் அடைவை அது பார்ப்பதில்லை. பெரியவரின் கணக்கில் உள்ள "மானிட்டர்ஸ்.எக்ஸ்எம்எல்" கோப்பை, "வார்" அடைவில் "லிப்" அடைவுக்குள் இருக்கும் "ஜிடிஎம்3" அடைவின் ".கான்ஃபிக்" அடைவுக்கு ரூட் (நிர்வாகி) அனுமதியோடு நகலெடுத்து, உரிமையாளராக ஜிடிஎம் பயனரைக் குறிப்பிட்டுவிட்டுக் கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள்.