கற்பனை மொழி: வாக்கியம் தமிழாகவே வருகிறது, எழுத்தும் ஒத்துழைக்க மாட்டேன் என்கிறது

நெடுங்கதை:

மிகுபுனைவு நாவல் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். அதில் மலைமேல் வாழும் ஒரு கூட்டத்துக்குத் தனி மொழி வேண்டும். அகராதி போடும் அளவுக்கெல்லாம் இல்லை, கொஞ்சம் வசனம், ஊர்ப்பெயர், ஆள்பெயர், ஒரு தாலாட்டு, அவ்வளவுதான். ஆனால் படிக்கிறவருக்கு இது நிஜமாகவே யாரோ பேசுகிற மொழி என்று தோன்ற வேண்டும்.

இரண்டு இடத்தில் நிற்கிறேன். முதலாவது எழுத்து. 'நெகா' என்றால் மலை. நடுவில் வரும் க, 'கல்' என்பதில் வருகிற மாதிரி அழுத்தமாக வர வேண்டும். ஆனால் வாசகர் 'நகம்' படிப்பது போலத்தான் படிப்பார். 'நெக்கா' என்று எழுதினால் இரட்டித்துவிடுகிறது, கிரந்த எழுத்துகளிலும் இதற்கு வழி இல்லை, மேலே எண்ணோ கோடோ போட்டால் கதைப்பக்கம் பாடப்புத்தகம் போல ஆகிவிடும்.

இரண்டாவது இலக்கணம். 'ஏமு நெகாவெ தூனன்' என்றால் 'அவன் மலையைப் பார்த்தான்'. ஏமு அவன், வெ என்பது ஐ உருபு, தூன் பார், கடைசியில் அன். எல்லாச் சொல்லும் புதிது, ஆனால் எலும்பு முழுக்கத் தமிழ். இதை எங்கிருந்து உடைப்பது?

ஒலிவாணன்:

எழுத்தோடு சண்டை போடாதீர்கள், அது என்ன செய்யும் என்று தெரிந்துகொண்டு அதற்கேற்ப ஒலிகளை அமையுங்கள். உயிருக்கு நடுவில் ஒற்றை க வந்தால் மெலிந்துதான் ஒலிக்கும், அதை உங்கள் மொழியின் விதியாகவே வைத்துவிட்டால் வாசகர் படிப்பதெல்லாம் சரியான உச்சரிப்பு ஆகிவிடும். அழுத்தமான க கட்டாயம் வேண்டும் என்கிற சொல்லில் அதற்கு முன்னால் ட் அல்லது ற் வையுங்கள். 'வெட்கம்', 'கற்கண்டு' படிக்கும்போது யாரும் அந்த க-வை மெலிதாக்குவதில்லை. 'நெட்கா' என்று எழுதினால் நீங்கள் கேட்ட ஒலி, குறியே இல்லாமல்.

அடுத்தது, எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது: எந்த ஒலி எந்த இடத்தில் வரலாம் என்பது. சொல்லுக்கு முதலில் எது வரும், கடைசியில் எது வரும் என்று தொல்காப்பியம் எழுத்ததிகாரத்தில் மொழிமரபில் பட்டியலே இருக்கிறது. ர, ல, ட முதலில் வராது, அதனால்தான் இராமன், இலக்குவன் என்று முன்னால் ஓர் உயிரைச் சேர்த்தார்கள். வல்லின மெய்யில் சொல் முடியாது, அதனால் 'நோட்' நம் வாயில் 'நோட்டு' ஆகிறது. உங்கள் மொழி இந்த இரண்டையும் மீறட்டும். 'ரெகாத்', 'லூக்', 'டோனக்' என்று வாசித்துப் பாருங்கள். எல்லாம் பழகிய எழுத்துதான், ஆனாலும் தமிழ்க் காதுக்கு உடனே வேற்றுமொழி. 'நெகா', 'ஏமு' இரண்டும் தமிழ் விதிக்குள் அழகாக உட்காருவதுதான் உங்கள் சிக்கல்.

அப்புறம் எதையாவது விட்டுவிடுங்கள். 'ஸ்டார் ட்ரெக்' படங்களில் வரும் கிளிங்கன் மொழியை உருவாக்கிய மார்க் ஓக்ராண்ட் வேண்டுமென்றே ஓட்டைகள் வைத்தார். அதில் தொண்டைப் பக்கம் ஒலிக்கும் இரண்டு வகை ஒலி உண்டு, சாதாரண க் கிடையாது. நிஜ மொழிகளிலும் இப்படி உண்டு, வட அமெரிக்கப் பழங்குடி மொழியான மோஹாக்கில் உதடு ஒட்டும் ஒலிகளே இல்லை. ப, ம இல்லாத மொழியில் தாலாட்டு எப்படி இருக்கும் என்று யோசியுங்கள், 'அம்மா' மாதிரி ஒரு சொல்லே அங்கே பிறக்க முடியாது! தமிழிலேயே உதடு ஒட்டாமல் பாடும் நீரோட்டகம் இருக்கிறது, குறள் 341-ஐ வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

வேர்ச்சொல்:

ஒலி பற்றி மேலே சொன்னது எல்லாம் சரி. இலக்கணத்துக்கு வருகிறேன்.

பலரும் முதலில் செய்வது சொல்வரிசையை மாற்றுவது. கிளிங்கனில் செயப்படுபொருள் முதலில், வினை நடுவில், எழுவாய் கடைசியில் வரும், உலக மொழிகளில் மிக அரிதான வரிசை அது. ஆனால் வரிசையை மட்டும் மாற்றினால் தமிழைக் கலைத்துப் போட்ட மாதிரிதான் இருக்கும், ஏனென்றால் ஒவ்வொரு சொல்லுக்குள்ளும் இன்னும் ஒட்டு பின்னால்தான் தொங்குகிறது. 2009-இல் வந்த அவதார் படத்துக்காகப் பால் ஃப்ரோமர் செய்த நாவி மொழியைப் பாருங்கள். 'தாரோன்' என்றால் வேட்டையாடு, வேட்டையாடி முடித்தால் 'தொலாரோன்'. ஒட்டு வினையின் வயிற்றுக்குள் போகிறது. நம் பழக்கத்துக்கு முற்றிலும் புதிது.

இன்னொரு வழி, இந்த மொழி பேசுகிறவர் சொல்லியே ஆக வேண்டியது எது என்று முடிவு செய்வது. தமிழில் ஆணா பெண்ணா, மரியாதை உண்டா இல்லையா என்று சொல்லாமல் 'வந்தான்' மாதிரி ஒரு வினையை முடிக்க முடியாது. துருக்கியில் கடந்ததைச் சொல்லும்போது தானே அறிந்ததா, கேள்விப்பட்டதா என்பது வினையிலேயே தெரிந்துவிடும். உங்கள் ஆட்கள் மலைவாசிகள். ஆகவே மேலா கீழா என்பதை வினையின் முன்னொட்டாக வையுங்கள்: கீழிருந்து மேல்நோக்கி என்றால் லி, மேலிருந்து கீழ்நோக்கி என்றால் ஓ. ஆண், பெண், மரியாதை எதுவும் வேண்டாம், 'ஏக்' என்ற ஒரே சொல் போதும். வேற்றுமை உருபையும் எடுத்துவிட்டு வேல்ஸ் மொழி மாதிரி வினை, எழுவாய், செயப்படுபொருள் என்று வரிசைப்படுத்துங்கள்.

'லிதூன் ஏக் ரெகாத்.' அவன் (அல்லது அவள்) கீழே நின்று மலையைப் பார்த்தான்.
'ஓதூன் ஏக் ரெகாத்.' அவன் இன்னும் உயரத்தில் நின்று மலையைப் பார்த்தான்.

கணவாய்க்கு மேலே போனதே இல்லை என்று சாதிக்கும் ஒருவன், பேச்சுவாக்கில் தன்னைப் பற்றி 'ஓதூன்' என்று சொல்லிவிட்டால் பொய் அந்த ஓர் எழுத்தில் வெளியே வந்துவிடும். கதைக்கு வேலை செய்யாத இலக்கணத்தை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள மாட்டார்.

நெடுங்கதை:

இருவருக்கும் மிக்க நன்றி. ஓதூன் விஷயத்தை எடுத்துக்கொள்கிறேன், கதையில் அதற்கு இடமும் இருக்கிறது! ஒன்று மட்டும் கேட்கிறேன்: நாவியில் தொண்டையை அடைத்து வெடிக்கும் ஒலிக்கு எக்ஸ் எழுத்தைச் சேர்த்து எழுதுகிறார்களே, அதே மாதிரி நான் ஆய்தத்தை எடுத்துக்கொண்டு ஃக, ஃத என்று எழுதலாமா?

பழஞ்சுவடி:

எழுதலாம், ஆனால் வசனத்தில் வேண்டாம். ஃப தவிர வேறு எங்கே ஆய்தத்தைப் பார்த்தாலும் வாசகர் ஒரு நொடி நின்று எப்படிச் சொல்வது என்று யோசிப்பார், வசனத்தில் அந்த நிறுத்தம் கெடுதல். கடவுள் பெயர், பழைய ஊர்ப்பெயர் என்று ஒன்றிரண்டு இடத்தில் மட்டும் வையுங்கள்.

ஊர்ப்பெயர் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' எழுதிய டோல்கீன், தன் கதைகளுக்காக உருவாக்கிய குவெஞ்யா, சிந்தாரின் என்ற இரண்டு மொழிகளையும் ஒரே மூலமொழியிலிருந்து ஒலிமாற்ற விதிகளால் பிரித்தெடுத்தார், அதனால்தான் அந்தப் பெயர்களுக்கு வயது தெரிகிறது. உங்களுக்கு ஒரே ஒரு விதி போதும். உதாரணமாக, பழைய ஃக எல்லாம் இன்றைய பேச்சில் ஹ ஆகிவிட்டது என்று வைத்தால், கல்வெட்டில் 'லூஃகாத்' என்று இருக்கும் ஊரை மக்கள் 'லூஹாத்' என்பார்கள். கிழவி பழையபடி சொல்வாள், பேரன் புதியபடி சொல்வான். விதியை எல்லாப் பெயருக்கும் விடாமல் போடுங்கள், விலக்கு வேண்டுமானால் பூசாரிகள் வாயில் மட்டும்.

சொல் எண்ணிக்கை பற்றியும் கவலைப்படாதீர்கள். 'பாகுபலி' படத்துக்காக மதன் கார்க்கி உருவாக்கிய கிளிக்கி மொழி சுமார் 750 சொல்லும் 40 இலக்கண விதியும் கொண்டது என்று அந்தப் படம் வந்தபோது செய்திகளில் வந்தது. அதில் நான் 'மின்', நீ 'நிம்', ஒன்றைத் திருப்பினால் மற்றது. உங்கள் லி, ஓ இரண்டையும் வினையோடு நிறுத்தாமல் பெயர்ச்சொல்லிலும் ஒட்டுங்கள், அண்ணன் தம்பி, விடியல் அந்தி என்று ஒரே வேரிலிருந்து இணை இணையாகச் சொற்கள் வந்துகொண்டே இருக்கும்.