‘முழுப் பட்டியல்’ வேண்டாம், வேறு சொல் தாருங்கள்

அல்சூரிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம்.

ஜனவரி நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்கு முன்னால், புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக ஒரு பக்கத் துண்டறிக்கை எழுதிக் கொடுத்தேன் அல்லவா? அதில், பார்த்த பறவைகளைப் பதிவேற்றும் ஈபேர்ட் இணையதளம் கேட்கும் ‘கம்ப்ளீட் செக்லிஸ்ட்’ என்பதற்கு ‘முழுப் பட்டியல்’ என்று போட்டிருந்தேன். யோசிக்கவே இல்லை, கை தானாக எழுதிவிட்டது. அதன் பலனை நம் பெங்களூரு மடிவாளா ஏரியில் அனுபவித்தோம்.

ஒரு கரைக்குப் போன தம்பி ஈபேர்டில் ஏற்றிய பட்டியலில் கூழைக்கடா, சங்குவளை நாரை, நாமக்கோழி, இந்த மூன்றுதான். காக்காய் இல்லை, பருந்து இல்லை, மைனா இல்லை. மடிவாளாவில் ஒன்றரை மணி நேரம் நின்றவர் தலைக்கு மேல் ஒரு பருந்துகூடவா வட்டமிடவில்லை? ஆனால் ‘அடையாளம் கண்ட எல்லாப் பறவைகளையும் பதிந்தீர்களா’ என்ற இடத்தில் ‘ஆம்’ என்று குறித்திருக்கிறார். கேட்டால், “நீர்ப்பறவைக் கணக்குக்கு வேண்டியது முழுசா இருக்கே அண்ணா” என்கிறார். எதிர்க்கரையில் நாற்பது இனம் வரை பொறுமையாக எழுதிய அக்காவோ ‘இல்லை’ என்று குறித்துவிட்டார். “நாணலுக்குள்ள என்னென்னமோ கத்திச்சு, எனக்குப் பேர் தெரியல. அப்புறம் எப்படி முழுசுன்னு சொல்றது?”

இருவர் மீதும் குற்றமில்லை. ‘முழு’ என்றதும் ஒருவருக்கு வேலை முடிந்த நினைப்பு, இன்னொருவருக்கு ஏரியே பட்டியலுக்குள் வந்துவிட வேண்டும் என்ற பயம். அங்கே கேட்பது ஒன்றே ஒன்று: உங்களுக்கு அடையாளம் தெரிந்ததில் எதையாவது வேண்டாமென்று ஒதுக்கினீர்களா? மூன்று பறவைதான் தெரியும், மூன்றையும் எழுதினேன் என்றால் ‘ஆம்’ போடலாம். நாற்பதை எழுதிவிட்டு, காக்காயைப் போய் யார் எழுதுவார்கள் என்று விட்டால் போடக்கூடாது.

இதில் இவ்வளவு கறார் எதற்கென்றால், இந்தப் பட்டியல்களில் எழுதாத பறவை ‘அங்கே கண்ணில் படவில்லை’ என்று கணக்காகிறது. ஓரிடத்திலிருந்து வந்த 100 பட்டியல்களில் 80-இல் காக்காய் இருந்தால் அதன் பதிவு விகிதம் 80 விழுக்காடு. நாலு பேர் சோம்பலில் விட்டால், உண்மையில் குறையாத காக்காய் கணக்கில் குறைந்துவிடும். 2023-இல் வந்த, இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய ‘ஸ்டேட் ஆஃப் இண்டியாஸ் பேர்ட்ஸ்’ அறிக்கை 942 இனங்களை எடைபோட்டது. 30,000-க்கும் மேற்பட்ட ஆர்வலர்களின் 3 கோடிப் பதிவுகள் அதற்கு அடிப்படை. நம் கர்நாடகத்தின் மாநிலப் பறவையான பனங்காடை சரிகிறது, அதன் நிலையை உலக அளவில் மறுமதிப்பீடு செய்ய வேண்டும் என்று அந்த அறிக்கை சொன்னதே, அதற்குப் பனங்காடை இல்லாத பட்டியல்களும் சாட்சி. ‘இல்லை’யை நம்ப முடிந்தால்தான் அந்தச் சாட்சி நிற்கும்.

துண்டறிக்கையைத் திருத்த வேண்டும். சொல் தாருங்கள்.

மல்லேஸ்வரத்திலிருந்து:

எதுவும் எஞ்சாதது என்ற பொருளில் ‘எச்சமிலாப் பட்டியல்’ எனலாமே. ‘எஞ்சு’ நல்ல பழைய வேர். தமிழ் படித்தவர்களுக்கு உடனே விளங்கும்.

அல்சூரிலிருந்து:

ஐயா, வேர் நல்ல வேர்தான். ஆனால் பறவை பார்க்கிறவர்களிடம் போய் ‘எச்சமிலா’ என்றால் எல்லாரும் முதலில் சட்டையைத்தான் தடவிப் பார்ப்பார்கள்.

ஃப்ரேசர் டவுனிலிருந்து:

சிரித்து முடியவில்லை. நான் ‘கண்டதெல்லாம் பட்டியல்’ என்று அனுப்பலாம் என்றிருந்தேன். பக்கத்தில் இருந்த அம்மா, “கண்டதையும் தின்னாதேங்கிற மாதிரி இருக்கு” என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார்கள். வாபஸ்.

மடிவாளாவிலிருந்து:

அந்த ‘இல்லை’ போட்ட அக்கா நான்தான். எனக்கு இலக்கணமெல்லாம் வராது. அன்றைக்கே யாராவது என்னிடம் “பாத்ததுல எதையாவது விட்டீங்களா?” என்று கேட்டிருந்தால், “ஒண்ணும் விடலை” என்று உடனே சொல்லியிருப்பேன். அந்த ‘விடலை’யை வைத்து ஏதாவது செய்ய முடியாதா?

மல்லேஸ்வரத்திலிருந்து:

தாராளமாக முடியும் அம்மா. ‘விடாப் பட்டியல்’. ‘வாடா மலர்’, ‘ஓடாக் குதிரை’ போல ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். நடுவில் ‘ப்’ கட்டாயம் வரும், அச்சடிக்கும்போது விழுங்கிவிடாதீர்கள். ‘விடாமுயற்சி’ தெரிந்த யாருக்கும் இது புரியும். என் எச்சத்தை நான் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

அல்சூரிலிருந்து:

ஐயாவே எடுத்துக்கொண்ட பிறகு நான் என்ன சொல்ல! நேற்று லால்பாக்கில் நம்மோடு நடந்த கன்னட நண்பரிடம் இந்தச் சொல்லைச் சொன்னேன். ஒரு நொடி யோசித்து, “பிடத பட்டியா?” என்றார். அவர்களுக்குப் பட்டியல் ‘பட்டி’, நம் ‘விடு’ அவர்களுக்கு ‘பிடு’. பொருள் கேட்காமலே பிடித்துக்கொண்டார். எனக்கு இதைவிடப் பெரிய பரிந்துரை வேண்டாம்.

ஒரு சிக்கல் மீதி இருக்கிறது. எதிர்ச்சொல் என்ன? ‘விடுபட்ட பட்டியல்’ என்றால் பட்டியலே விடுபட்டதாகிறது. ‘தேர்வுப் பட்டியல்’ என்றால் வேலைக்கு ஆள் எடுத்த பட்டியலோ என்று தோன்றும்.

ஃப்ரேசர் டவுனிலிருந்து:

எதிர்ச்சொல் எதற்கு? படிவத்தில் இருப்பது ஒரு கேள்வி, ஆம் அல்லது இல்லை. ‘இது விடாப் பட்டியலா?’ என்று அச்சடித்து, கீழே அக்காவின் கேள்வியை அப்படியே சின்ன எழுத்தில் போடுங்கள். சும்மா கிடைக்கும் இடத்தில் இன்னொரு சொல்லை நட்டு, அதற்கும் ஒரு துண்டறிக்கை எழுத வேண்டாம்.

அல்சூரிலிருந்து:

சரி, அப்படியே போடுகிறேன்.

கோரமங்களாவிலிருந்து:

அண்ணா, மூன்று பறவை எழுதிய ஆள் நான். இப்போது காக்காய், பருந்து, மைனாவைச் சேர்க்கப் பார்க்கிறேன். பார்த்தது நிச்சயம், எத்தனை என்பதுதான் நினைவில்லை. என்ன செய்ய?

அல்சூரிலிருந்து:

எண்ணிக்கை இடத்தில் ‘எக்ஸ்’ போடுங்கள் தம்பி, இருந்தது என்று மட்டும் பதிவாகும். கொக்கு, நீர்க்காகம், முக்குளிப்பான் எதையாவது பார்த்த நினைவு உண்டா? அதுவும் சந்தேகம் என்றால் சேர்க்க வேண்டாம், ‘ஆம்’ என்பதை ‘இல்லை’ என்று மாற்றிவிடுங்கள். கூழைக்கடா எண்ணிக்கை சரியாகவே இருக்கிறது, அதில் கை வைக்காதீர்கள்.