எச்சரிக்கை முத்திரையா, முகப்பெச்சரிக்கையா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

உணவுப் பொட்டலத்தின் முன்பக்கத்தில் 'சர்க்கரை அதிகம்' என்பதுபோல் எச்சரிக்கும் குறியைத் தமிழில் எப்படி அழைப்பது என்று நம் குழுவில் பேசிவருகிறோம். ஒரு நண்பர் இப்படிக் கேட்டிருந்தார்:

> சிலி நாட்டில் பேச்சுவழக்கில் 'செல்லோ' என்கிறார்கள். முத்திரை என்றுதானே பொருள்? 'எச்சரிக்கை முத்திரை' போதாதா?

போதாது ஐயா. நமக்கு முத்திரை என்றாலே அக்மார்க், ஐஎஸ்ஐ. நெய் வாங்கும்போது டப்பாவைத் திருப்பி அதைத் தேடிப் பழகியவர்கள் நாம். 'மூன்று முத்திரை பெற்ற பிஸ்கட்' என்று எழுதினால் தரமான பிஸ்கட் என்றுதான் படிப்பார்கள்.

2016 ஜூனில் சிலியில் நடைமுறைக்கு வந்த குறியைப் பாருங்கள். கறுப்பு எண்கோணம், சாலையில் 'நில்' பலகைக்கு உள்ள அதே வடிவம். உள்ளே வெள்ளை எழுத்தில் 'சர்க்கரை அதிகம்' என்றோ, சோடியம் (அதாவது உப்பு), நிறைவுற்ற கொழுப்பு, கலோரி இவற்றில் ஒன்று அதிகம் என்றோ இருக்கும். அடியில் சுகாதார அமைச்சகத்தின் பெயர். 2017 முடிய வீடுகளின் கொள்முதலைக் கணக்கெடுத்தபோது, குறி விழும் பானங்களை வாங்கும் அளவு ஏறத்தாழ 24 விழுக்காடு குறைந்திருந்தது. குறி மட்டுமே இதைச் செய்தது என்று நான் சொல்லமாட்டேன். 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளைக் குறிவைக்கும் விளம்பரத்துக்கும், பள்ளிக்குள் விற்பனைக்கும் அதே சட்டம் அதே நாளில் தடை போட்டது.

ஆனால் சத்து அட்டவணை அங்கே பொட்டலத்தின் முதுகில் முன்பே இருந்தது. புதியது, எச்சரிக்கை பொட்டலத்தின் முகத்துக்கு வந்ததுதான். நம் தெருமுனைப் பெட்டிக்கடையில் சிப்ஸ் பொட்டலங்கள் சரம் சரமாகத் தொங்குகின்றன. கண்ணுக்குத் தெரிவது முன்பக்கம் மட்டுமே. பிள்ளை கைநீட்டுகிறது, கடைக்காரர் ஒன்றைக் கிழித்துக் கொடுக்கிறார், அவ்வளவுதான். பின்பக்கம் தெரியவருவது தின்று முடித்த பிறகு. அதனால் 'முகப்பு' என்பதைச் சொல்லிலிருந்து விட்டுவிடக் கூடாது.

குழுவில் வந்த மற்றப் பரிந்துரைகளில், ஓர் அக்கா தந்த 'மிகைக்குறி' சுருக்கமானது, எனக்கும் பிடித்தது. ஆனால் பள்ளிக் கணக்கில் மிகை எண், குறை எண் படித்த மாணவருக்கு அது கூட்டல் குறியாகவே தோன்றும். 'எச்சரிக்கைக் கட்டம்' என்றால் நோயாளியின் நிலைமை போலக் கேட்கிறது. 'வில்லை' மாத்திரையையும் குறிக்கும். தின்பண்டத்தின் மேல் அந்தச் சொல் வேண்டாம்.

என் பரிந்துரை: முகப்பெச்சரிக்கை. 'இந்தப் பானத்தில் இரண்டு முகப்பெச்சரிக்கை இருக்கிறது' என்று வீட்டில் சொல்லிப் பார்த்தேன், நாக்கில் தடுக்கவில்லை. எண்கோணத்துக்குள் வரும் வாசகத்துக்கு மட்டும் 'மிகை', 'உயர்' எதுவும் வேண்டாம். 'உப்பு அதிகம்' என்றே இருக்கட்டும். சாம்பாரைப் பற்றி நாம் அப்படித்தானே சொல்கிறோம்?

சந்தி சேர்க்காமல் 'முகப்பு எச்சரிக்கை' என்று பிரித்து எழுதலாமா என்பதை இலக்கணம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.