கிளட்ச் பிளேட்டை வீட்டிலேயே சென்டர் பார்த்து மாட்டியவர்கள், அனுபவத்தைச் சொல்லுங்க

நாலுகியர், கோயம்புத்தூர்

வண்டி மாருதி 800, பழைய கார்புரேட்டர் மாடல். மேட்டுல மூணாவது கியர்ல மிதிச்சா இன்ஜின் மட்டும் கத்தும், வண்டி ஏறாது. கிளட்ச் கேபிளை லூஸ் பண்ணி ஃப்ரீ பிளே (பெடல்ல கொஞ்சம் வெத்து ஆட்டம்) வச்சுப் பார்த்தும் அதே கதை, கூடவே கருகுற வாசம். கிளட்ச் பிளேட் தேய்ஞ்சு முடிஞ்சுபோச்சுன்னு அதுக்கு மேல யாரும் சொல்ல வேண்டியதில்ல.

அதை மாத்த கியர்பாக்ஸ் இறக்குறது நேரம் பிடிக்கிற வேலையே தவிர பெரிய வித்தை இல்ல. பேட்டரி நெகட்டிவைக் கழட்டணும். ஜாக்கியை மட்டும் நம்பாம ரெண்டு பக்கமும் ஸ்டாண்டு கொடுக்கணும். கியர் ஆயிலை வடிச்சு, ஆக்சில் ரெண்டையும் உருவி, கிளட்ச் கேபிள், மீட்டர் கேபிள், கியர் ராடு, ஸ்டார்ட்டர் எல்லாம் பிரிச்சுட்டு, இன்ஜினுக்கு அடியில மரக்கட்டை வச்சு இன்னொரு ஜாக்கி. அம்புட்டுத்தான். பழைய பிளேட்டோட தூசியை ஊதித் தள்ளாதீங்க. அந்தக் கால லைனிங்ல (பிளேட் மேல இருக்கிற உராய்வுப் பட்டை) கல்நார் இருக்கும். ஈரத்துணியால துடைச்சு எடுங்க.

எழுத வேண்டியது சென்டர் பார்க்கிறதைப் பத்தித்தான், அதாவது பிளேட்டை ஃப்ளைவீலோட (இன்ஜினோட சேர்ந்து சுத்துற கனமான சக்கரம்) நட்ட நடுவுல நிறுத்துறது. பிளேட்டை ஃப்ளைவீலோட அழுத்திப் பிடிக்கிற பிரஷர் பிளேட்டோட போல்ட் இறுகுற வரைக்கும் கிளட்ச் பிளேட் எதுலயும் பிடிப்பில்லாம நடுவுல சும்மா நிக்கும். இறுகிட்டா எந்த இடத்துல நிக்குதோ அந்த இடத்துலயே கவ்விக்கும். தன் எடைக்குக் கொஞ்சம் கீழ இறங்கி நின்னாலும் போச்சு, கியர்பாக்ஸ்ல இருந்து நீட்டிக்கிட்டு வர்ற இன்புட் ஷாஃப்ட்டோட மூக்கு ஃப்ளைவீல் நடுவுல இருக்கிற பேரிங் வாய்க்குள்ள போகாம விளிம்புல முட்டி நிக்கும். வெளிய இருந்து பார்த்தா எல்லாம் சரியா இருக்கிற மாதிரிதான் தெரியும்.

உக்கடத்துல பழைய இரும்புக் கடையில உடைஞ்ச கியர்பாக்ஸ் ஒண்ணோட இன்புட் ஷாஃப்ட் கிடைச்சது. லேத் பட்டறையில கியர் பல்லுள்ள பக்கத்தை வெட்டிட்டாங்க, இப்ப பிளேட்டை நடுவுல பிடிச்சு நிறுத்த அதுதான் என் டம்மி ஷாஃப்ட். கடையில விக்கிற பிளாஸ்டிக் செட்டை விட இது எவ்வளவோ மேல். ஸ்ப்லைன் (பிளேட் ஹப்புல பொருந்துற நீளவாக்குப் பல்லு) அதே ஸ்ப்லைன், மூக்கும் அதே மூக்கு.

பிளேட்ல ஸ்பிரிங் துருத்திக்கிட்டு இருக்கிற பக்கம் கியர்பாக்ஸைப் பார்க்கணும். புது பிரஷர் பிளேட் முகத்துல துரு பிடிக்காம இருக்க எண்ணெய் தடவி வரும், அதைப் பெட்ரோல் தொட்ட துணியால சுத்தமா எடுக்கணும். ரிலீஸ் பேரிங்கை (பெடலை மிதிச்சா பிரஷர் பிளேட்டைத் தள்ளி விடுற பேரிங்) பெட்ரோல்ல முக்கிடாதீங்க, உள்ள இருக்கிற கிரீஸ் கரைஞ்சு கொஞ்ச நாள்ல கூவ ஆரம்பிக்கும். ஸ்ப்லைன்ல கிரீஸ் தடவிட்டு அதையே துணியால துடைச்சு விட்டா மிச்சம் ஒட்டியிருக்கிறதே போதும். அதிகமானா சுத்துற வேகத்துல லைனிங் மேல தெறிக்கும்.

டம்மியை மாட்டிட்டு, போல்ட்டை எதிரெதிரா, அரை அரைச் சுத்தா இறுக்கணும். ஒவ்வொரு சுத்து முடிஞ்சதும் டம்மியை ரெண்டு விரலால இழுத்துப் பார்ப்பேன். எண்ணெய் போட்ட தாழ்ப்பாள் மாதிரி வரணும், போகணும். லேசா இழுத்துப் பிடிச்சாலும் போல்ட்டை லூஸ் பண்ணி மறுபடி முதல்ல இருந்துதான்.

பிறகு கியர்பாக்ஸ். கியர்ல போட்டு வச்சுக்கிட்டு ஒருத்தர் தள்ள, இன்னொருத்தர் கிராங்க் புல்லி போல்ட்டை ஸ்பேனரால மெதுவா சுத்தினா பல்லு பல்லுல உக்காரும். கடைசி அரை இஞ்சுலதான் எல்லாருக்கும் பொறுமை போகுது. நீள போல்ட்டைப் போட்டு இழுத்து ஏத்திடலாம்னு தோணும். கூடவே கூடாது. கியர்பாக்ஸ் கைத்தள்ளுலயே இன்ஜினோட முகம் சேரணும். சேரலைன்னா சென்டர் தப்பு, இறக்கிப் பாருங்க.

பழைய இரும்பு, சென்னை

நாலுகியர் அண்ணே, அந்த அரை இஞ்சு விஷயத்தை எங்க ஏரியால எல்லா ஒர்க்‌ஷாப்லயும் எழுதி மாட்டணும். நான் அம்பாசிடர்காரன். அதோட கியர்பாக்ஸ் என்ன கனம்னு தூக்கினவனுக்குத்தான் தெரியும். பாதி நுழைச்சுட்டு, கை வலிக்குதுன்னு ஷாஃப்ட் மேலயே தொங்க விட்டுட்டு டீ குடிக்கப் போறவங்களைப் பார்த்திருக்கேன். மொத்த எடையும் பிளேட்டோட நடு ஹப்புல இறங்கும். பிளேட் கோணிச்சுன்னா கிளட்ச் முழுசா மிதிச்சாலும் விடாது, ரிவர்ஸ் போடும்போது கர்ருன்னு ஒரு சத்தம் வரும். தெரிஞ்ச டாக்சிக்காரர் ஒருத்தருக்கு இப்படித்தான் ஆச்சு. புது செட் போட்ட வண்டியை மறுபடி பிரிக்க வேண்டியதாப் போச்சு.

என் வழி இது. ரெண்டு நீள போல்ட்டோட தலையை அறுத்துட்டு, ஸ்க்ரூ டிரைவர் வைக்க நுனியில ஒரு வெட்டு போட்டு, பெல் ஹவுசிங் (கிளட்சை மூடுற கூடு) போல்ட் ஓட்டை ரெண்டுல எதிரெதிரா மாட்டிடுவேன். கியர்பாக்ஸ் அந்த ரெண்டு கம்பி மேல வழுக்கிக்கிட்டே போகும், எடை பிளேட் மேல விழாது. மத்த போல்ட்டைப் போட்டப்புறம் இதைக் கழட்டிடலாம். டம்மிக்கு, பழைய வண்டி சாமான் விக்கிற புதுப்பேட்டையில சொன்னா பழைய ஷாஃப்ட் எடுத்துக் கொடுப்பாங்க, பேரம் பேசத் தெரியணும்.

வடமராட்சியான்

எங்கட வீட்டில இப்பவும் ஒரு மொறிஸ் மைனர் ஓடுது. தொண்ணூறுகளில, பொருளாதாரத் தடை நேரம், யாழ்ப்பாணத்துக் கார்கள் கொஞ்சப் பெற்றோல் காட்டி ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயிலதான் ஓடினது. எண்ணெய்க்கே அந்தப் பாடு எண்டால் சென்ரர் பாக்கிற சாமானுக்கு எங்க போறது? அப்பா நிலம் கூட்டிற தும்புத்தடிப் பிடியை வெட்டி, உடைஞ்ச கண்ணாடித் துண்டால சுரண்டிச் சுரண்டி எடுத்தவர். நுனி ஃப்ளைவீல் நடுவில இருக்கிற வெண்கலப் புஷ்ஷுக்குப் பொருந்தோணும், அதுக்குப் பின்னால பிளேற் துவாரத்துக்கு அளவாக ஒட்டுற ரேப் சுத்தியிருக்கும். ரேப்பை ஒரு சுத்துக் கூட்டி, ஒரு சுத்துக் குறைச்சு, ஆட்டமே இல்லாமப் பண்ணிப்போட்டுத்தான் போல்ட்டில கை வைப்பார்.

இன்னொண்டு. மொறிஸ் மைனரில றிலீஸ் பெயரிங் எண்டு குண்டு உருளுற சாமான் இல்லை, கறுத்தக் காபன் வளையம் ஒண்டுதான். ஓடேக்க கிளச்சில காலை வைச்சுக்கொண்டே ஓடினா அது தேய்ஞ்சு மாவாப் போகும். கியர்ப்பெட்டியைக் கழட்டினால் முதல் அதைப் பாருங்கோ.

புதுசாக் கத்துக்கறவன், சேலம்

நாலுகியர் அண்ணா, நானும் 800தான். சென்டர் சரியா விழுந்தது, கியர்பாக்ஸ் கைத்தள்ளுலயே ஏறிடுச்சு. ஆனா முதல் கியர்ல எடுக்கும்போது வண்டி உதறுது. சென்டர் தப்பா இருக்குமா?

நாலுகியர், கோயம்புத்தூர்

கையால ஏறிடுச்சுன்னா சென்டர் தப்பா இருக்காது தம்பி. இன்ஜின் மவுண்ட் ரப்பரை முதல்ல பாருங்க, பிரிக்காமலே பார்க்கலாம். அது நல்லா இருந்தா கிராங்கோட பின்பக்க ஆயில் சீல் மேலதான் சந்தேகம். சொட்டுச் சொட்டா லைனிங்ல எண்ணெய் பட்டாலும் இப்படித்தான் உதறும். பெல் ஹவுசிங் அடியில கையை விட்டுத் தடவிப் பாருங்க, பிசுக்கு இருந்தா அதுதான். ஃப்ளைவீல்ல சூட்டுல நீலம் பாய்ஞ்ச திட்டு இருந்து அப்படியே மாட்டியிருந்தாலும் உதறும்.

பழைய இரும்பு, சென்னை

சேலம் தம்பி, பக்கத்து வீட்டு டீசல் கார்லயும் கை வச்சுடாதீங்க, அதுக்காகத்தான் இதைச் சொல்றேன். புது டீசல் வண்டி பலதுல டூயல் மாஸ் ஃப்ளைவீல் (ரெண்டு பாகமா, நடுவுல ஸ்பிரிங் வச்சது), கூடவே தானா அட்ஜஸ்ட் ஆகிற பிரஷர் பிளேட். அதுக்குன்னு இருக்கிற டூலை வச்சு அழுத்திப் பிடிக்காம வெறும் போல்ட்டை இறுக்கினா, உள்ள இருக்கிற வளையம் முன்கூட்டியே திரும்பிக்கும். புது செட்டு முதல் நாளே தேய்ஞ்ச செட்டு மாதிரி நடந்துக்கும். கேபிள் கிளட்ச் வண்டின்னா தாராளமா வீட்ல பண்ணுங்க, முடிச்சதும் பெடல்ல மேலாக்கக் கொஞ்சம் வெத்து ஆட்டம் இருக்கான்னு பார்த்துட்டு ரோட்டுக்கு எடுங்க.