குளிரில் உறைந்தால் அசல் தேங்காய் எண்ணெயா?

குமுளிக்காரன்: மார்கழி பிறந்ததிலிருந்து எங்கள் வீட்டுத் தேங்காய் எண்ணெய் விடிகாலையில் கட்டியாகிவிடுகிறது. கம்பத்தில் இருக்கும் சித்தி வீட்டில் அதே கடை எண்ணெய் இளகியே இருக்கிறது. உறைந்தால் அசல், உறையாவிட்டால் கலப்படம் என்கிறார்கள். எதை நம்புவது?

கம்பம் செக்கு: தம்பி, இதில் குழம்ப ஒன்றுமில்லை. நாங்கள் மரச்செக்கில் கொப்பரை ஆட்டுகிறோம். எங்கள் எண்ணெய் குளிர் கண்டால் உறையும். பாக்கெட்டில் வருவதில் பாமாயில் கலந்திருப்பார்கள், அதனால்தான் உறைவதில்லை. விலை ஏறும்போதெல்லாம் கலப்படமும் ஏறுகிறது. நல்ல எண்ணெயை மக்கள் அடையாளம் காண இந்தச் சோதனை ஒன்றுதான் கையில் இருக்கிறது, அதையும் பறிக்காதீர்கள்.

பீர்மேடு டீச்சர்: அண்ணா, உங்கள் எண்ணெய் நல்ல எண்ணெய்தான். ஆனால் அது உறைவதற்குச் செக்கு காரணமில்லை. ஆலையில் சுத்திகரித்த தேங்காய் எண்ணெயிலும் அதே கொழுப்பு அமிலங்கள்தான் இருக்கின்றன. அதுவும் சுமார் 24 டிகிரியில் உருகும், குளிரில் உறையும். சுத்திகரிப்பில் மணமும் நிறமும் போகும், கொழுப்பு அமிலங்களின் விகிதம் மாறாது.

தம்பி கேட்டதற்கு: உருகுவது 24 டிகிரியில் என்றால் உறைவதும் சரியாக அதே 24-இல் நடந்துவிடாது. படிகம் தோன்ற இன்னும் சில டிகிரி குளிர வேண்டும், நேரமும் வேண்டும். கம்பத்தில் இரவு 20 டிகிரியை ஒட்டி நின்றால் அசல் எண்ணெயும் இளகியே இருக்கலாம். குமுளி மலைமேல் இருக்கிறது, இன்னும் குளிர்கிறது.

கம்பம் செக்கு: அப்படியானால் கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும் ஏன் உங்கள் பீர்மேட்டில் கட்டியாவதில்லை? தேங்காய் எண்ணெயில் 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு, அதனால் உறைகிறது. நிறைவுற்றது கூடினால் கட்டி, குறைந்தால் திரவம். நேரான கணக்கு.

பீர்மேடு டீச்சர்: பாதிக் கணக்கு அண்ணா. நம் இடுக்கியில் விளையும் கோகோவையே பாருங்கள். கோகோ வெண்ணெயில் நிறைவுற்றது சுமார் 60 சதவீதம்தான். ஆனால் அது 34 டிகிரி வரை கட்டியாக நிற்கும். 90 சதவீதம் உள்ள தேங்காய் எண்ணெய் 24-இலேயே உருகிவிடுகிறது. நிறைவுற்றதின் அளவு மட்டுமே காரணம் என்றால் இது தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்?

விடை, கொழுப்பு அமிலத்தில் கார்பன் அணுக்கள் கோத்து நிற்கும் சங்கிலியின் நீளத்தில் இருக்கிறது. தேங்காய் எண்ணெயில் பாதியளவு லாரிக் அமிலம், 12 கார்பன் கொண்டது. தனியாக எடுத்தால் 44 டிகிரியில் உருகும். கோகோவில் இருக்கும் பால்மிடிக் அமிலத்துக்கு 16 கார்பன், 63 டிகிரி. ஸ்டீரிக் அமிலத்துக்கு 18 கார்பன், 69 டிகிரி. சங்கிலி நீள நீள, ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொள்ளும் பரப்பு கூடுகிறது. தேங்காய் எண்ணெயிலோ 8, 10 கார்பன் கொண்ட குட்டைச் சங்கிலிகளும் கலந்திருக்கின்றன. அவை அடுக்கைக் குலைத்து உருகுநிலையை இன்னும் இறக்கிவிடுகின்றன.

இனி கடலை எண்ணெய். அதில் பெரும்பகுதி ஒலீயிக், லினோலியிக் அமிலங்கள். இரண்டுக்கும் ஸ்டீரிக்கைப் போலவே 18 கார்பன். ஆனால் இவை நிறைவுறாதவை, அதாவது சில கார்பன்களுக்கு இடையே இரட்டைப் பிணைப்பு இருக்கும். அது வந்த இடத்தில் சங்கிலி வளைந்துவிடுகிறது. நேரான விறகை நெருக்கி அடுக்கலாம், கோணல் விறகை அடுக்க முடியாது. ஒரு வளைவு வந்ததும் ஸ்டீரிக்கின் 69 டிகிரி ஒலீயிக்கில் 13-க்கு இறங்குகிறது. இரண்டு வளைவுள்ள லினோலியிக் பூஜ்யத்துக்கும் கீழே போய்விடுகிறது. வனஸ்பதி தயாரிப்பில் அரைகுறையாக ஹைட்ரஜன் ஏற்றும்போது இதே ஒலீயிக்கின் வளைவு நிமிர்ந்து டிரான்ஸ் வடிவமாகும். கார்பன் எண்ணிக்கையும் இரட்டைப் பிணைப்பும் அப்படியே இருக்க, உருகுநிலை மட்டும் 45-ஐ ஒட்டி ஏறிவிடும். எனக்கு இந்தப் பாடத்தில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

போடிமெட்டு: எல்லாம் இருக்கட்டும். பாட்டிலிலேயே உறைகிற எண்ணெய் ரத்தக் குழாயில் உறையாதா? இதனால்தான் எங்கள் வீட்டில் தேங்காய் எண்ணெயை நிறுத்திவிட்டோம்.

பீர்மேடு டீச்சர்: உடலின் வெப்பம் 37 டிகிரி, அங்கே இது உறையவே வழியில்லை. தவிரவும், எண்ணெய் குடலில் செரித்துப் பிரிந்த பிறகே ரத்தத்துக்குப் போகிறது. லாரிக், மிரிஸ்டிக் அமிலங்கள் கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றும் என்பது உண்மை. அந்தக் காரணத்துக்காக அளவைக் குறையுங்கள், பாட்டிலில் உறைவதைப் பார்த்து பயப்படாதீர்கள்.

கம்பம் செக்கு: டீச்சர், நான் சொன்ன சோதனை என் சொந்தச் சரக்கு இல்லை. மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமே சொல்லியிருக்கிறது: ஃபிரிட்ஜில் வைத்தால் தேங்காய் எண்ணெய் உறையும், கலந்த எண்ணெய் தனி அடுக்காக நிற்கும்.

பீர்மேடு டீச்சர்: நிறையக் கலந்திருந்தால் அது காட்டிக்கொடுக்கும். பத்தில் ஒரு பங்கு பாமாயில் கலந்திருந்தால், உறையும் படிகங்களுக்கு இடையே அது சிக்கிக்கொள்ளும். முழுவதும் கட்டியாகத்தான் தெரியும். அதைவிட மோசம், எண்ணெய்ப் பனையின் பருப்பிலிருந்து எடுக்கும் எண்ணெய். அதிலும் பாதியளவு லாரிக் அமிலம்தான். அதைக் கலந்தால் ஃபிரிட்ஜில் அசல் போலவே உறையும். இந்தச் சோதனையை மட்டும் நம்பிய வீடு அதைச் சுத்தம் என்றே எடுத்து வைக்கும். என் கவலை அதுதான்.

எண்ணெயில் இரட்டைப் பிணைப்பு எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் அயோடின் எண்ணைப் பார்ப்பது மேல். அசல் தேங்காய் எண்ணெய்க்கு அது 7.5 முதல் 10 வரை. பத்து சதவீதம் பாமாயில் கலந்தாலே 13-ஐ ஒட்டிப் போய்விடும். பனம்பருப்பு எண்ணெய் கொஞ்சமாகக் கலந்தால் இந்த எண்ணும் பிடிக்காது. கொழுப்பு அமிலங்களைத் தனித்தனியே அளக்கும் கேஸ் குரோமட்டோகிராபி வேண்டும்.

கம்பம் செக்கு: குமுளியில் எந்த வீட்டில் அந்தக் கருவி இருக்கிறது? ஃபிரிட்ஜ் இருக்கிறது. நிறையக் கலக்கிறவனையாவது அது பிடிக்கும். நான் என் வாடிக்கையாளர்களிடம் அதைச் சொல்லிக்கொண்டேதான் இருப்பேன்.

பீர்மேடு டீச்சர்: சொல்லுங்கள் அண்ணா. "உறையவில்லை என்றால் சந்தேகப்படு" என்று மட்டும் சொல்லுங்கள். "உறைந்தால் அசல்" என்று சொல்லாதீர்கள்.

குமுளிக்காரன்: சித்தி வீட்டு பாட்டிலை இன்றிரவு அவர்கள் ஃபிரிட்ஜில் வைக்கச் சொல்லியிருக்கிறேன். அதிலும் இளகியே நின்றால் உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு மாதிரி எடுத்துப் போகிறேன்.