குளுக்கோஸ் டெஸ்டுக்கு முன்னால் இரண்டு இட்லியா? இது என்ன புது வழக்கம்?

காவிரிக்கரை:
நேற்று 'செக்கப் அனுபவங்கள்' பகுதியில் மதுரைத் தங்கை ஒருவர் எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. கர்ப்ப காலச் சர்க்கரைப் பரிசோதனைக்குப் போனாராம். போகும் முன் வீட்டில் இரண்டு இட்லி, தேங்காய்ச் சட்னியோடு சாப்பிட்டாராம். நர்சம்மாவும் ஒன்றும் சொல்லாமல் குளுக்கோஸைக் கரைத்துக் கொடுத்தாராம். அதோடு விட்டாரா? "சாப்பிட்டுவிட்டே போகலாம், பயப்படாதீர்கள்" என்று ஊருக்கே ஆலோசனை. அதற்குக் கீழே வரிசையாக 'நன்றி தோழி'.

எனக்கு இரண்டு பிரசவம். இரண்டுக்கும் முந்தின இரவு எட்டரைக்கே சாப்பாட்டை முடித்து, காலையில் பச்சைத் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுப் போய், மூன்று முறை ரத்தம் கொடுத்தவள் நான். வெறும் வயிறு என்றால் வெறும் வயிறுதான். இரண்டு இட்லி உள்ளே போன பிறகு வருகிற எண் குளுக்கோஸுடையதா, இட்லியுடையதா? யாராவது சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

ஏழாம்மாதம்_மதுரை:
அந்த மதுரைத் தங்கை நான்தான். தனியாக ஒரு தலைப்புப் போட்டுத் திட்டும் அளவுக்கு நான் என்ன செய்துவிட்டேன் என்று தெரியவில்லை.

எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவ்வாய்க்கிழமைதான் கர்ப்பிணிகளுக்கான நாள். எட்டு மணிக்கே வராந்தா பெஞ்சு நிறைந்துவிடும். முதல் முறை நானும் உங்களைப் போல வெறும் வயிற்றோடுதான் போய் உட்கார்ந்தேன். தலை சுற்றிச் சுவரில் சாய்ந்துவிட்டேன். "யாரும்மா உன்னைச் சாப்பிடாம வரச் சொன்னது?" என்று நர்சம்மா போட்ட சத்தத்தில் பெஞ்சில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அடுத்த முறை சாப்பிட்டுவிட்டுப் போனேன். 75 கிராம் குளுக்கோஸ், ஐந்து நிமிடத்துக்குள் குடித்து முடிக்க வேண்டும். இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு முறை ரத்தம். 118 வந்தது. 140-க்குக் கீழே இருந்தால் சரி என்று அட்டையில் எழுதிக் கொடுத்தார்கள். நடந்ததைத்தான் எழுதினேன்.

காவிரிக்கரை:
118 வந்தது நல்லது, சந்தோஷம். ஆனால் நான் கேட்டது 118 பற்றி இல்லை. இட்லி பற்றி.

கோவைக்காரி:
காவிரிக்கரை அக்கா சொல்வதுதான் சரி. எனக்குத் தனியார் மருத்துவமனையில் பார்த்தார்கள். எட்டு மணி நேரமாவது சாப்பிடாமல் இருந்திருக்க வேண்டும் என்று சீட்டில் எழுதி, கீழே சிவப்பு மையில் கோடும் போட்டிருந்தார்கள். எல்லை அளவு வெறும் வயிற்றில் 92, ஒரு மணி நேரத்தில் 180, இரண்டு மணி நேரத்தில் 153. மூன்றில் ஏதாவது ஒன்று இந்த அளவைத் தொட்டாலே சர்க்கரை என்பார்கள். சாப்பிட்டுவிட்டுப் போனால் அந்த 92-ஐ எப்படிப் பார்ப்பார்கள்? கொஞ்சம் யோசித்துப் பார்த்தாலே புரியும்.

சாந்தி_அக்கா:
அம்மாடிகளா, சண்டையை நிறுத்துங்கள். நான் 26 வருடம் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். நீங்கள் பேசுவது ஒரே டெஸ்ட் இல்லை. கோவைத் தங்கைக்குச் செய்தது மூன்று முறை ரத்தம் எடுக்கிற முறை. அதற்கு வெறும் வயிறு கட்டாயம். மதுரைத் தங்கைக்குச் செய்தது ஒரே முறை எடுப்பது. கடைசியாக எப்போது சாப்பிட்டிருந்தாலும் 75 கிராம் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து 140 அல்லது அதற்கு மேல் வருகிறதா என்று பார்ப்பார்கள். நம் சென்னை டாக்டர் வி. சேஷையாவும் அவரோடு இருந்தவர்களும் வலியுறுத்திய முறை அது. மத்திய சுகாதார அமைச்சகத்தின் 2018 வழிகாட்டுதலிலும் அதுதான் இருக்கிறது. மூன்றாவதாக 50 கிராம் கொடுத்து ஒரு மணி நேரத்தில் பார்ப்பதும் உண்டு. அதற்கும் பட்டினி வேண்டாம்.

அது ஏன் அப்படி என்றால், இரண்டு பஸ் மாறி வருகிற பெண்ணிடம் 'நாளைக்கு வெறும் வயிற்றோடு வா' என்றால் பாதிப் பேர் திரும்பி வரமாட்டார்கள். வந்த அன்றைக்கே பார்த்து அனுப்பினால்தான் உண்டு. அவரவர் ஆஸ்பத்திரியில் எந்த முறை என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். அவ்வளவுதான் விஷயம்.

காவிரிக்கரை:
சாந்தி அக்கா மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அவர் எழுதியதையே நன்றாகப் படியுங்கள். 'எப்போது சாப்பிட்டிருந்தாலும்' என்கிறார். சாப்பிட்டிருந்தாலும் பரவாயில்லை என்பதும், சாப்பிட்டுவிட்டு வா என்பதும் ஒன்றா? வழியில் தெரியாமல் ஒரு வாழைப்பழம் சாப்பிட்டுவிட்ட பெண்ணைத் திருப்பி அனுப்பாமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது. வேண்டுமென்றே சட்னி அரைத்து, தட்டில் இரண்டு இட்லி வைத்துச் சாப்பிட்டுவிட்டுப் போவதற்கு யார் அனுமதி கொடுத்தது? இந்த முறையில் சிலருக்குச் சர்க்கரை இருப்பதே தெரியாமல் தப்பிவிடும் என்று சொல்கிற டாக்டர்களும் இருக்கிறார்கள். அதை மட்டும் யாரும் எழுத மாட்டீர்கள்.

ஏழாம்மாதம்_மதுரை:
சட்னி அரைத்தது என் மாமியார். அவருக்கும் சேர்த்து அனுமதி வாங்க வேண்டுமா?

காவிரிக்கரை:
கேலி செய்தால் பதில் ஆகிவிடாது தங்கச்சி.

புதுஅம்மா_சேலம்:
எல்லோருக்கும் வணக்கம். இங்கே புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். 25-வது வாரம். நாளை காலை எனக்கு இந்த டெஸ்ட். தாய் சேய் அட்டையில் 'குளுக்கோஸ்' என்று மட்டும் எழுதியிருக்கிறது. சாப்பிட்டுவிட்டுப் போகவா, வேண்டாமா?

கோவைக்காரி:
சேலம் தங்கச்சி, வேண்டவே வேண்டாம்.

ஏழாம்மாதம்_மதுரை:
அரசு நிலையம் என்றால் சாப்பிட்டுவிட்டுப் போங்கள் தங்கச்சி. இல்லாவிட்டால் என்னைப் போலச் சுவரில் சாய வேண்டியதுதான்.

கோவைக்காரி:
ஒன்று சொன்னால் கோபப்படக் கூடாது. நெய் டப்பாவுக்கும் பேரீச்சம்பழத்துக்கும் வரிசையில் நிற்கிற இடத்தில் டெஸ்ட் எந்த லட்சணத்தில் இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். கூட்டம் தீர்ந்தால் போதும் அவர்களுக்கு.

ஏழாம்மாதம்_மதுரை:
இதற்குக் கோபப்படாமல் வேறு எதற்குப் படுவது? முத்துலட்சுமி ரெட்டி பெயரில் உள்ள மகப்பேறு உதவித் திட்டத்தில் வருகிற 18,000 ரூபாய், அதாவது கையில் 14,000 பணமும் 4,000 ரூபாய்க்கு அந்த நெய், பேரீச்சம்பழம் உள்ள ஊட்டச்சத்துப் பெட்டகமும், யார் வீட்டுப் பணமும் இல்லை. 12 வாரத்துக்குள் பதிவு செய்து, செவ்வாய் தவறாமல் போய், ஊசி போட்டுக்கொண்டு வாங்குகிறோம். என் ஹீமோகுளோபின் 8.9-ல் இருந்தது. அதே நர்சம்மா வீட்டுக்கே வந்து, நான் இரும்புச்சத்து மாத்திரை போடுகிறேனா என்று அட்டையை எண்ணிப் பார்த்துவிட்டுப் போவார். நான்கு மாத்திரையைத் தூக்கிப் போட்டிருந்தேன். அதையும் கண்டுபிடித்துவிட்டார். இப்போது 10.8. உங்கள் சிவப்பு மைக்காரர்கள் வீட்டுக்கு வந்து மாத்திரை எண்ணுகிறார்களா?

கோவைக்காரி:
என் மாத்திரையை நானே எண்ணிக்கொள்வேன். அதற்கு ஆள் தேவையில்லை.

தறிக்காரன்_ஈரோடு:
ஆண்கள் பேசலாமா தெரியவில்லை. என் மனைவிக்கு ஐந்தாம் மாதம். போன தடவை அந்த குளுக்கோஸைக் குடித்த கால் மணி நேரத்தில் வாந்தி எடுத்துவிட்டாள். அரை மணி நேரத்துக்குள் வாந்தி வந்ததால் கணக்கில் இல்லை, இன்னொரு நாள் வாருங்கள் என்றார்கள். அன்றைக்குத் தறியை நிறுத்திவிட்டுப் போனது வீண். எலுமிச்சம்பழம் இரண்டு சொட்டுப் பிழிந்தால் குமட்டாது என்கிறார்கள். பிழியலாமா?

காவிரிக்கரை:
வாந்தி ஏன் வந்தது என்று கேட்டீர்களா சகோதரரே? சாப்பிட்டுவிட்டுப் போனாரா?

தறிக்காரன்_ஈரோடு:
இல்லை மேடம். வெறும் வயிறு.

ஏழாம்மாதம்_மதுரை:
ஹா ஹா.

காவிரிக்கரை:
இதில் சிரிக்க ஒன்றும் இல்லை. வெறும் வயிற்றில் வாந்தி வருவது உடம்பு வாகு. இட்லி சாப்பிட்டிருந்தால் இட்லியும் சேர்ந்து வெளியே வந்திருக்கும்.

யாழ்_நிலா:
நான் யாழ்ப்பாணம். எனக்குக் கிளினிக்கில் வெறும் வயிற்றோடு வரச் சொல்லித்தான் செய்தவை. முதல் நாளே மருத்துவமாது வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டுப் போனவா. ஆனால் இதுக்கு இவ்வளவு சண்டையா? எங்கட கிளினிக்கில் கர்ப்பிணிகளுக்குக் குடுக்கிற திரிபோஷா சத்துமா வந்துதா வரேல்லையா என்பதுதான் பெரிய கதை.

காவிரிக்கரை:
பார்த்தீர்களா? கடல் தாண்டியும் வெறும் வயிறுதான்.

சாந்தி_அக்கா:
அங்கே அந்த முறை என்பதால் வெறும் வயிறு. நான் மேலே எழுதியதை மறுபடியும் எழுதுகிறேன், டெஸ்ட் வேறு, முறை வேறு. ஈரோட்டுத் தம்பி, எலுமிச்சை விஷயம் லேபில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். சில இடத்தில் விடுவார்கள், சில இடத்தில் விடமாட்டார்கள். மடமடவென்று ஊற்றிக்கொள்ளாமல் ஐந்து நிமிடம் எடுத்து, மெதுவாகக் குடிக்கச் சொல்லுங்கள். குடித்த பிறகு இரண்டு மணி நேரமும் அங்கேயே உட்கார வேண்டும். நடுவில் டீக்கடைக்குப் போகக் கூடாது. அதுதான் உண்மையில் ரிசல்ட்டைக் கெடுப்பது. அதை இங்கே ஒருவரும் பேசவில்லை.

காவிரிக்கரை:
டீக்கடைக்குப் போகக் கூடாது, ஆனால் இட்லிக்கடைக்குப் போய்விட்டு வரலாம். நல்ல நியாயம்.

தாமிரபரணி_மீனா:
இவ்வளவு நேரம் பேசாமல் படித்துக்கொண்டிருந்தேன். காவிரிக்கரை அம்மா, போன ஆடி மாதம் குங்குமப்பூ விவாதத்தில் 'என் பிள்ளைகள் சிவப்பாகப் பிறந்ததற்குக் குங்குமப்பூப் பால்தான் காரணம்' என்று மூன்று நாள் சாதித்தீர்கள். நிறம் பெற்றவர்களிடமிருந்து வருவது என்று சொன்னதற்கு என்னை 'படித்த முட்டாள்' என்றீர்கள். இன்று மட்டும் அறிவியல் பேசுகிறீர்களே, எப்படி?

காவிரிக்கரை:
அந்தக் கதையை இங்கே இழுக்காதீர்கள். குங்குமப்பூ என் அனுபவம். இதுவும் என் அனுபவம்தான். உங்களுக்கு அன்றைய கோபம் இன்னும் ஆறவில்லை என்று தெரிகிறது. 'படித்த முட்டாள்' என்று நான் எழுதவில்லை. 'சில படித்தவர்கள்' என்றுதான் எழுதினேன்.

தாமிரபரணி_மீனா:
படம் எடுத்து வைத்திருக்கிறேன். போடவா?

காவிரிக்கரை:
போடுங்கள். கூடவே நீங்கள் என் மூத்த பிள்ளையைப் பற்றி எழுதியதையும் போடுங்கள்.

கோவைக்காரி:
மீனா எங்கே போனாலும் இதே வேலைதான்.

தறிக்காரன்_ஈரோடு:
எலுமிச்சை பற்றிச் சொன்னதற்கு நன்றி சாந்தி அக்கா. இன்னொரு சந்தேகம். கர்ப்பத்தை அரசிடம் பதிவு செய்யும்போது தருகிற பிக்மி எண் இல்லாவிட்டால் பிறப்புச் சான்றிதழ் வாங்குவதில் சிக்கல் வரும் என்கிறார்களே, தனியாரில் பார்க்கிறவர்களும் அதற்குப் பதிவு செய்ய வேண்டுமா?

சாந்தி_அக்கா:
கட்டாயம் தம்பி. எங்கே பார்த்தாலும் எண் வேண்டும். உங்கள் பகுதிச் செவிலியரிடம் சொன்னால் பதிந்து கொடுப்பார்.

கோவைக்காரி:
எனக்கு அந்த எண் வாங்க நான்கு முறை அலைய வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் ஒரு ஜெராக்ஸ் குறைகிறது என்பார்கள். அரசாங்கத்தைப் பற்றிப் பேசினால் சிலருக்குக் கோபம் வரும், அதனால் இத்தோடு விடுகிறேன்.

ஏழாம்மாதம்_மதுரை:
விட்டால் நல்லது. போன மாதம் எங்கள் ஊரில் ஒருவருக்குத் தனியாரில் தேவையில்லாமல் மூன்று ஸ்கேன் எடுத்து

காவிரிக்கரை:
ஸ்கேனுக்குத் தனித் தலைப்பு இருக்கிறது, அங்கே போய்ப் பேசுங்கள். இங்கே கேள்வி ஒன்றே ஒன்றுதான். காலையில் எழுந்து இட்லி ஊற்றி, இரண்டு எடுத்துச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள் என்று எந்த வழிகாட்டுதலில் எழுதியிருக்கிறது? 'எப்போது சாப்பிட்டிருந்தாலும்' என்பதைத் திரும்பச் சொல்லாதீர்கள். 'சாப்பிட்டுவிட்டு வா' என்கிற வார்த்தையைக் காட்டுங்கள்.

சாந்தி_அக்கா:
'சாப்பிடாமல் வா' என்றும் அதில் இல்லை அம்மா.

காவிரிக்கரை:
அப்படியென்றால் இரண்டும் இல்லை. அதைத்தானே நானும் சொல்கிறேன்.

தாமிரபரணி_மீனா:
இல்லை, நீங்கள் அதைச் சொல்லவில்லை. முதல் பதிவில் 'வெறும் வயிறு என்றால் வெறும் வயிறுதான்' என்று எழுதியிருக்கிறீர்கள். மேலே போய்ப் படியுங்கள்.

காவிரிக்கரை:
என் விஷயத்தில் என்று எழுதினேன்.

தாமிரபரணி_மீனா:
'என் விஷயத்தில்' என்ற சொல்லே அங்கே இல்லை.

காவிரிக்கரை:
படிக்கத் தெரிந்தவர்களுக்குப் புரியும்.

புதுஅம்மா_சேலம்:
விடிந்துவிட்டது. இன்னும் எனக்கு ஒரு முடிவு தெரியவில்லை. அம்மா இட்லிக்குண்டானை அடுப்பில் வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். எங்கள் நர்சம்மா ஏழு மணிக்கு மேல்தான் போன் எடுப்பார். எடுத்ததும் அவரிடமே கேட்டுக்கொள்கிறேன். எல்லோருக்கும் நன்றி.

காவிரிக்கரை:
கேட்டுவிட்டு அவர் சொன்னதை இங்கே வந்து அப்படியே எழுதுங்கள் தங்கச்சி. ஆனால் ஒன்று. 'சாப்பிடலாமா' என்று கேட்காதீர்கள், சாப்பிடலாம் என்றுதான் சொல்வார். 'சாப்பிட்டே ஆக வேண்டுமா' என்று கேளுங்கள்.

ஏழாம்மாதம்_மதுரை:
கூடவே எத்தனை இட்லி என்றும் கேளுங்கள். அக்காவுக்கு இரண்டுதான் பிரச்சினை. மூன்று என்றால் ஒருவேளை ஒப்புக்கொள்வார்.

காவிரிக்கரை:
மீனா, படம் போடுகிறேன் என்றீர்களே. காத்திருக்கிறேன்.